பிடிக்கிற கையையும் சேர்த்துத்தான் மீட்டர் அளக்குது: எஸ்எம்டி பார்ட்ஸும் டெஸ்ட் ஃபிக்ஸ்சரும்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம்னு இந்தப் பக்கம் படகு எலக்ட்ரானிக்ஸ் வேலை பாக்குறவங்களுக்கு ஏப்ரல் 15 வந்தா சீசன் ஆரம்பம். தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும் 61 நாள், விசைப்படகெல்லாம் கடலுக்குப் போகாது, அப்பத்தான் எக்கோ சவுண்டர், ஜிபிஎஸ், விஎச்எஃப் வயர்லெஸ் செட்டுன்னு எல்லாத்தையும் கழட்டிட்டு வருவாங்க. மூடியத் தொறந்தா பாதி செட்டுல உள்ள பச்சை பூத்துக் கிடக்கும், உப்புக் காத்து உள்ள போய் காப்பர் டிராக்க தின்னிருக்கும், அது பக்கத்துல இருக்குற குட்டி குட்டி கெப்பாசிட்டர், காயிலோட முனையும் அரிச்சிருக்கும். இதுல பெரிய தலைவலி என்னன்னா செராமிக் எஸ்எம்டி, அதாவது கால் இல்லாம போர்டு மேலயே சால்டர் பண்ற கெப்பாசிட்டர் மேல வேல்யூ எதுவும் அச்சடிச்சிருக்காது, சர்க்யூட் படமும் பெரும்பாலும் கிடைக்காது. அதனால அதே போர்டுல நல்லா இருக்குற இன்னொரு சேனல்ல இருந்து ஒண்ணக் கழட்டி அளந்து பாத்தாத்தான் என்ன போடணும்னே தெரியும். அந்த அளவு தப்பாப் போனா அடுத்து செய்யிற எல்லாமே தப்பு.

சரி, காயில், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் மூணையும் அளக்குற எல்சிஆர் மீட்டரோட டப்பாவுல துல்லியம் 0.3 சதவீதம்னு போட்டிருக்கு, அப்புறம் ஏன் ஒரே 4.7 பிகோ ஃபாரட் கெப்பாசிட்டர ஒருத்தர் அளந்தா 5.3 வருது, இன்னொருத்தர் அளந்தா 4.4 வருது? மீட்டர் பொய் சொல்லல. டப்பாவுல போட்டிருக்குற அந்த 0.3 மீட்டரோட சாக்கெட் வரைக்கும் தான், அதுக்கு அப்பறம் இருக்குற வயர், முனை, காத்து, உங்க விரல், உப்பு எல்லாமே மீட்டர் பார்வையில பார்ட்டோட ஒரு பகுதி. ஏலத்துல மீன எடை போடுறப்போ கூடை எடையக் கழிக்கிறோம்ல, அதே கணக்கு தான் இங்கயும், ஆனா இங்க கூடை சில சமயம் மீன விட கனமா இருக்கும், அது போக நீங்க தூக்குற ஒவ்வொரு தடவையும் கூடையோட எடை மாறும். ஃபிக்ஸ்சர்னு ஒண்ணு, அதாவது அளக்குறப்போ பார்ட்டப் பிடிக்கிற சாமான், எதுக்குன்னா பார்ட்ட கெட்டியாப் பிடிக்க மட்டும் இல்ல, அந்தக் கூடை எடைய மாறாம வச்சிருக்க. மாறாம இருந்தாத்தான் கழிக்க முடியும். நான் சொல்ல வர்றது மொத்தமும் இது தான், மீதி எல்லாம் இதோட விவரம்.

அளவ முதல்ல மனசுல வாங்கிக்கோங்க. 0603ன்னு சொல்றது 1.6 மில்லிமீட்டருக்கு 0.8, 0402ன்னா 1.0க்கு 0.5, 0201ன்னா 0.6க்கு 0.3. இவ்ளோ சின்ன சாமான ரெண்டு உலோக முனை நடுவுல வைக்கிறப்போ அந்த ரெண்டு முனையே ஒரு கெப்பாசிட்டர் தான், நடுவுல காத்து இருக்கு, அவ்ளோதான். அந்த வேண்டாத கெப்பாசிட்டன்ஸ், அதாவது ஸ்ட்ரே, அரை பிகோ, ஒரு பிகோன்னு இருக்கும்னு வச்சுக்கங்க, 100 நானோ ஃபாரட் அளக்குறவனுக்கு அது ஒண்ணுமே இல்ல, 4.7 பிகோ அளக்குறவனுக்கு அது பத்து இருபது சதவீதம். அதே மாதிரி வயருக்கும் முனைக்கும் இண்டக்டன்ஸ் உண்டு, தோராயமா ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு நானோ ஹென்றின்னு கணக்குப் போடலாம். 10 மைக்ரோ ஹென்றி காயிலுக்கு அது தூசி. 10 நானோ ஹென்றி காயிலுக்கு அஞ்சு மில்லிமீட்டர் வயரே பாதி வேல்யூ.

எந்தப் பிழை எங்க கடிக்கும்னு பாக்க இம்பீடன்ஸ், அதாவது ஏசி கரண்ட்டுக்கு பார்ட் காட்டுற மொத்த எதிர்ப்பு, போட்டுப் பாத்தா போதும். 10 பிகோ கெப்பாசிட்டர் 1 கிலோ ஹெர்ட்ஸ்ல சுமார் 15.9 மெகா ஓம், 100 கிலோ ஹெர்ட்ஸ்ல 159 கிலோ ஓம். இந்த மாதிரி உசந்த இம்பீடன்ஸ்ல எது பக்கவாட்டுல இணையுதோ அதாவது ஸ்ட்ரேயும் லீக்கேஜும் தான் எதிரி. 10 நானோ ஹென்றி காயில் 100 கிலோ ஹெர்ட்ஸ்ல வெறும் 6.3 மில்லி ஓம், அங்க எது வரிசையில சேருதோ, வயர் ரெசிஸ்டன்ஸ், முனை தொடுற இடத்து ரெசிஸ்டன்ஸ், அது தான் எதிரி. தொடுற இடத்துலயே பத்து இருபது மில்லி ஓம் வரலாம், 6 மில்லி ஓம் சாமான அதுக்குள்ள எங்க போய்த் தேடுறது? முதல் வகைக்கு ஓப்பன் கரெக்ஷன், அதாவது முனைக்கு நடுவுல எதுவும் இல்லாம அளந்து கழிக்கிறது, ரெண்டாவதுக்கு ஷார்ட் கரெக்ஷன், அதாவது ரெண்டு முனையையும் உலோகத்தால சேர்த்து அளந்து கழிக்கிறது. மீட்டர்ல அந்த ரெண்டு பட்டனும் அதுக்குத்தான், நிறைய பேர் அத கேலிபரேஷன் பட்டன்னு நினைச்சு மீட்டர் வாங்கின அன்னைக்கு ஒரு தடவை அமுக்கிட்டு அப்படியே விட்டுடுறாங்க.

நாலு வயர் விஷயம். கரண்ட் போக ரெண்டு வயர், வோல்டேஜ் பாக்க தனியா ரெண்டு வயர், லார்டு கெல்வின் காலத்துல இருந்து வர்ற பழக்கம் இது, வோல்டேஜ் வயர்ல கரண்ட் கிட்டத்தட்ட போகாததால வயரோட ரெசிஸ்டன்ஸ் கணக்குல வராது. ஆனா ஏசியில இது மட்டும் போதாது, கரண்ட் வயரச் சுத்தி வர்ற காந்தப் புலம் பக்கத்து வோல்டேஜ் வயர்ல ஏறிக்கும். அமெரிக்காவோட நேஷனல் பீரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ்ல இருந்த ராபர்ட் கட்காஸ்கி 1964ல நாலு கோஆக்ஸ், அதாவது உள் கம்பியச் சுத்தி ஷீல்டு இருக்குற கேபிள், ஜோடியா வச்சு அளக்குற முறைய முறைப்படி எழுதி வச்சார். உள் கம்பியில போற கரண்ட் அப்படியே ஷீல்டு வழியா திரும்பி வரணும், அப்போ ரெண்டோட காந்தப் புலமும் ஒண்ண ஒண்ணு அழிச்சிடும். பெஞ்ச் டைப் எல்சிஆர் மீட்டர் முன்னாடி நாலு பிஎன்சி கனெக்டர் இருக்கே, அது இந்த வேலைக்குத்தான். இதுல வீட்டுல ஃபிக்ஸ்சர் செய்யிறவங்க கவனிக்க வேண்டிய ஒரு இடம் இருக்கு: நாலு கேபிளோட ஷீல்டையும் பார்ட் பக்கத்துல, அதாவது ஃபிக்ஸ்சர் முனையில, ஒண்ணா இணைக்கணும். அத விட்டுட்டா ஷீல்டுல திரும்பி வர வழியே இல்ல, நாலு கோஆக்ஸ் போட்டும் பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணும் சொல்லணும், நாலு வயர்னு விளம்பரம் பண்ற ட்வீசர்ல, அதாவது மீட்டர்ல மாட்டுற இடுக்கியில, பெரும்பாலும் அந்த நாலும் முனை வரைக்கும் வந்து அங்க ரெண்டாச் சேர்ந்துடும். கெல்வின் அங்கயே முடிஞ்சு போச்சு. முனையும் பார்ட்டும் தொடுற இடத்து ரெசிஸ்டன்ஸ் உங்க ரீடிங்ல இருக்கத்தான் செய்யும். 0402ல ஒரு பக்கத்துக்கு ரெண்டு தனித்தனி காண்டாக்ட் வைக்க இடம் எங்க இருக்கு, அதனால ட்வீசர் செய்யிறவனக் குத்தம் சொல்றதுக்கில்ல, நமக்குத் தெரிஞ்சிருந்தா போதும். ஒரு பவர் சப்ளை கெப்பாசிட்டரோட இஎஸ்ஆர், அதாவது அதுக்குள்ளயே இருக்குற ரெசிஸ்டன்ஸ், 5 மில்லி ஓமா 8 மில்லி ஓமான்னு ட்வீசர் வச்சு சண்டை போடாதீங்க, அமுக்கிப் பிடிச்சா ஒண்ணு, தளர்த்திப் பிடிச்சா ஒண்ணு வரும்.

ட்வீசரப் பத்தி கொஞ்சம் விரிவாவே பேசணும், ஏன்னா நம்ம ஊர் பெஞ்சுல பெரும்பாலும் இருக்குறது அது தான். டிஇ-5000 மாதிரி கையடக்க மீட்டர், அதோட எஸ்எம்டி ட்வீசர், நல்ல ஜோடி, விலைக்கு மோசமில்ல, 100 கிலோ ஹெர்ட்ஸ் வரைக்கும் போகும். ஆனா ட்வீசரோட குறை அதோட பிறவிக் குணம்: முனைக்கு நடுவுல இருக்குற இடைவெளி மாறினா ஸ்ட்ரே மாறும். ட்வீசர கையில இருந்து விட்டு, முனை நல்லா விரிஞ்சு கிடக்குறப்போ ஓப்பன் கரெக்ஷன் எடுக்குறீங்க, அப்புறம் 0603 பார்ட்ட பிடிக்க 1.6 மில்லிமீட்டருக்கு அமுக்குறீங்க, கிட்ட வந்த முனைக்கு ஸ்ட்ரே கூடிடுச்சு, அந்தக் கூடுதல் அப்படியே ரீடிங்ல ஏறுது. 4.7 ஏன் 5.3 ஆச்சுன்னா இதனால. 4.4 வந்தவர் என்ன பண்ணாரு? முனைய கிட்டத்தட்ட ஒட்டுற மாதிரி வச்சு ஓப்பன் எடுத்திருப்பாரு, அதிகமாக் கழிஞ்சு போச்சு.

இதுக்கு வைத்தியம் ரொம்ப சுலபம். எந்த சைஸ் பார்ட் அளக்கப் போறோமோ அந்த இடைவெளியிலயே ஓப்பன் எடுக்கணும். முனைக்கு நடுவுல பிளாஸ்டிக் துண்டு வச்சு இடைவெளி பிடிக்காதீங்க, பிளாஸ்டிக்கும் ஒரு டைஎலக்ட்ரிக் தான், அதுவே ரீடிங்ல சேரும். துண்ட மேல, ட்வீசரோட ரெண்டு கைக்கு நடுவுல வைங்க, முழுசா அமுக்குனா முனையில சரியா 1.6 மில்லிமீட்டர் வர்ற மாதிரி, சைஸ் வாரியா ஒண்ணு ஒண்ணு வெட்டி வச்சுக்கிட்டா போதும். விரல் எப்பவும் ஒரே இடத்துல இருக்கணும், உலோகத்துப் பக்கமே போகக்கூடாது. பார்ட்ட போர்டு மேல வச்சோ, ஸ்டீல் டேபிள் மேல வச்சோ பிடிக்காம டெஃப்லான் ஷீட் மேல வச்சுப் பிடிங்க. காயிலா இருந்தா இது இன்னும் முக்கியம், கீழ உலோகத் தகடு இருந்தா அதுல எடி கரண்ட், அதாவது சுழல் மின்னோட்டம், ஓடி இண்டக்டன்ஸும், இழப்பு எவ்ளோ கம்மின்னு சொல்ற கியூவும் ரெண்டும் இறங்கும்.

படகுக்காரர் ஒருத்தர் பக்கத்துல நின்னு பாத்துட்டு, "ஏன் தம்பி, இத்துனூண்டு சாமானுக்கு இவ்ளோ நேரமா?"ன்னு கேப்பார். "சாமான அளக்க ஒரு நிமிஷம் தாண்ணே, மத்தத கழிக்கத்தான் நேரம்"னு சொன்னா சிரிச்சுட்டு டீ சொல்லப் போயிடுவார்.

பெஞ்சுல வைக்கிற ஃபிக்ஸ்சர் இந்தத் தொல்லையில பாதிய கையில இருந்து பிடுங்கிடுது. ஹெச்பி காலத்துல இருந்து அஜிலண்ட், இப்ப கீசைட்னு பேர் மாறி மாறி வர்ற 16034 வரிசை தான் இதுக்கு அடையாளம்: ஒரு பக்கம் அசையாத எலக்ட்ரோடு, இன்னொரு பக்கம் நகர்ற எலக்ட்ரோடு, பார்ட்ட நடுவுல வச்சுத் தள்ளிப் பிடிக்கலாம், எவ்ளோ அமுக்கம்னு ஸ்பிரிங் முடிவு பண்ணுது, உங்க மூட் இல்ல. பார்ட்ட எடுத்துட்டு அதே இடைவெளியில ஓப்பன் எடுக்கலாம். ரெண்டு எலக்ட்ரோடுக்கும் சுத்தி கார்டு உலோகம் இருக்குறதால பக்கவாட்டு ஸ்ட்ரே மீட்டருக்குத் தெரியாம கிரவுண்டுக்குப் போயிடும். இன்னும் மேல போனா 16197ஏ மாதிரி அடிப்பக்கமா தொடுற ஃபிக்ஸ்சர் இருக்கு, 3 கிகா ஹெர்ட்ஸ் வரைக்கும், ஆனா அதுக்கு ஏத்த அனலைசர் வேணும், அந்த விலை நம்ம பெஞ்சுக்கு ஒத்து வராது. மரைக்காயர்பட்டினமோ தொண்டியோ, சின்ன சர்வீஸ் கடைக்கு பழைய ஸ்லைடு டைப் ஃபிக்ஸ்சர் ஒண்ணு கிடைச்சா அது புது மீட்டர விட பெரிய லாபம்னு தான் நான் சொல்வேன். 0.3 சதவீத மீட்டர 0.1க்கு மாத்துறதுல என்ன வரப் போகுது, பிழை அங்க இல்லவே இல்லையே.

ஷார்ட் எடுக்குறதுல ஒரு வலை இருக்கு. முனைய முனையோட ஒட்டி ஷார்ட் எடுத்தா அது பார்ட் இருக்குறப்போ இருக்குற வடிவம் இல்ல, அதனால பார்ட் சைஸ்லயே ஒரு ஷார்ட் துண்டு வேணும். உடனே எல்லாரும் ஜீரோ ஓம் ரெசிஸ்டர எடுப்பாங்க. பேர் தான் ஜீரோ, டேட்டாஷீட்டுல பாத்தா அதிகபட்சம் 50 மில்லி ஓம்னு போட்டிருக்கும், அத ஜீரோன்னு நம்பிக் கழிச்சா நல்ல கெப்பாசிட்டருக்கு இஎஸ்ஆர் மைனஸ்ல வரும். 0.8 மில்லிமீட்டர் பித்தளையோ செம்போ தகடு எடுத்து 1.6 நீளத்துக்கு வெட்டி, உப்புத்தாள்ல தேய்ச்சு வச்சுக்கோங்க, அது போதும். ஆனா அந்தத் துண்டுக்கும் ஒரு இண்டக்டன்ஸ் இருக்கு, அது ஜீரோன்னு வச்சுக்கிறதா அரை நானோன்னு வச்சுக்கிறதாங்கிறது ஒரு ஏற்பாடு தான், இயற்கை சொன்ன விடை இல்ல. ஒரு துண்டுக் கம்பிக்கு இண்டக்டன்ஸ் சொல்லணும்னா கரண்ட் திரும்பி வர்ற பாதையையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும். 3.3 நானோ ஹென்றி சிப் காயில் ஒரு கம்பெனி ஃபிக்ஸ்சர்ல 3.3, இன்னொரு கம்பெனி ஃபிக்ஸ்சர்ல 3.8 காட்டுறதுக்கு இது ஒரு காரணம், ரெண்டு பேரும் சரி தான்.

அடுத்து, ஃபிக்ஸ்சர் எவ்ளோ நல்லதா இருந்தாலும் தீராத ஒண்ணு: பார்ட்டே மாறுறது. எக்ஸ்5ஆர், எக்ஸ்7ஆர் வகை செராமிக் கெப்பாசிட்டரோட வேல்யூ அது மேல விழுற வோல்டேஜப் பொறுத்தது. 10 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர 1 கிலோ ஹெர்ட்ஸ், 1 வோல்ட் ஆர்எம்எஸ்ல அளக்கணும்னு டேட்டாஷீட் சொல்லும், அந்த ஃப்ரீக்குவன்சியில அதோட இம்பீடன்ஸ் 16 ஓம் தான். மீட்டருக்குள்ளயே இருக்குற சோர்ஸ் ரெசிஸ்டன்ஸ் 100 ஓம், வெளிய விடுறது 0.6 வோல்ட்னு வச்சுக்கிட்டா பார்ட் மேல வந்து சேர்றது 0.1 வோல்ட் கூட இல்ல. மீட்டர் எட்டரைன்னு காட்டும், பார்ட் போச்சுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. போகல. அதே மாதிரி இப்பத்தான் ஹாட் ஏர் அடிச்சுக் கழட்டின எக்ஸ்7ஆர் கொஞ்சம் அதிகமாக் காட்டும், நாள் ஆக ஆக இறங்கின வேல்யூ சூடு பட்டதுல வயசு திரும்பி பழையபடி ஏறியிருக்கும், ஒரு நாள் போட்டு வச்சு அளந்தா இறங்கியிருக்கும். சி0ஜி வகைக்கு இந்தப் பிரச்சனை எதுவும் கிடையாது, அதனால தான் ஃபிக்ஸ்சர சோதிக்க எப்பவும் சி0ஜி. அப்புறம் படகு அதிர்வுல விரிசல் விட்ட கெப்பாசிட்டர்னு ஒண்ணு இருக்கு, போர்டுல தகராறு பண்ணும், ஃபிக்ஸ்சர்ல ஸ்பிரிங் அமுக்கத்துல விரிசல் ஒட்டிக்கிட்டு நல்ல பிள்ளையா ரீடிங் குடுக்கும், அது மாதிரி சந்தேகம் வந்தா லென்ஸ்ல பாக்குறது தான் வழி.

இப்ப நம்ம கடலுக்கு வருவோம். ஒரு பக்கம் பாக் விரிகுடா, இன்னொரு பக்கம் மன்னார் வளைகுடா, ராமேஸ்வரம் தீவுல எந்தப் பக்கம் திரும்பினாலும் உப்புக் காத்து தான். காரைக்குடி செக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோகம் எப்படி அரிக்குதுன்னு பாக்க மண்டபத்துல ஒரு நிலையம் வச்சிருக்குன்னா சும்மா இல்ல. சோடியம் குளோரைடு காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தத் தாண்டினா தானா தண்ணி இழுத்துக் கரைய ஆரம்பிக்கும், நம்ம ஊர்ல ராத்திரியும் விடியக்காலையும் அத தாண்டுறது சாதாரணம், வடகிழக்குப் பருவ மழை சமயத்துல பகல்லயே தாண்டும். ஃபிக்ஸ்சரோட ரெண்டு எலக்ட்ரோடுக்கு நடுவுல இருக்குற இன்சுலேட்டர் மேல கண்ணுக்குத் தெரியாம ஒரு உப்புப் படலம், ஈரம் ஏறினா அது கடத்தும். அந்தப் படலம் 100 மெகா ஓம்னு வச்சுக்கங்க. 10 பிகோ கெப்பாசிட்டர 1 கிலோ ஹெர்ட்ஸ்ல அளந்தா, பார்ட்டோட இம்பீடன்ஸ் 15.9 மெகா ஓம், அப்போ லாஸ் அதாவது டி 0.16ன்னு வரும். நல்ல சி0ஜிக்கு 0.001 அளவுல இருக்க வேண்டியது. 100 கிலோ ஹெர்ட்ஸ்ல அதே படலம் 0.0016 தான் சேர்க்கும். அதனால சின்ன கெப்பாசிட்டர 1 கிலோவுல அளக்குறதே வேண்டாம், மேல போங்க, அதோட ரெண்டு ஃப்ரீக்குவன்சியிலயும் டி எவ்ளோ வித்தியாசப்படுதுன்னு பாத்தா ஃபிக்ஸ்சர் அழுக்கா இருக்கான்னு தெரிஞ்சிடும்.

ஓப்பன் கரெக்ஷன் அந்த உப்பையும் கழிச்சிடாதான்னு கேக்கலாம். காலையில எடுத்த ஓப்பன்ல காலை ஈரம் இருக்கு, மத்தியானம் காத்து காஞ்சிருக்கும், நீங்க குனிஞ்சு மூச்சு விட்டாலே மாறும். கழிக்க வேண்டியது நிலையா இல்ல, அவ்ளோதான் விஷயம். ஐபிஏ, அதாவது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தொட்ட பஞ்சால தொடைச்சு, காய விட்டு, அப்புறம் ஓப்பன். கழட்டின பார்ட்டையும் தொடைக்கணும், ஃப்ளக்ஸ் மிச்சம் ஒட்டிக்கிட்டு இருந்தா அதுவும் ஈரம் பிடிக்கும். காண்டாக்ட் தங்கப் பூச்சா இருந்தா நல்லது, வெறும் பித்தளை இங்க ரொம்ப நாள் தாங்காது. வேலை முடிஞ்சதும் ஃபிக்ஸ்சர சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவுல வச்சுடுங்க, மீட்டர வெளிய வச்சாலும் பரவால்ல.

எக்கோ சவுண்டர் வேலைக்கு இதெல்லாம் போதும். அது ஓடுறதே பெரும்பாலும் 50, 200 கிலோ ஹெர்ட்ஸ்ல, 100 கிலோ ஹெர்ட்ஸ்ல அளந்த காயிலும் கெப்பாசிட்டரும் அங்க கிட்டத்தட்ட அப்படியே பொருந்தும். விஎச்எஃப் செட்டு தான் வேற கதை. சேனல் 16ன்னா 156.8 மெகா ஹெர்ட்ஸ், அந்த ஃபில்டர்ல இருக்குற 10 நானோ காயில 100 கிலோ ஹெர்ட்ஸ்ல அளந்து கியூ என்னன்னு கேட்டா எந்த ட்வீசராலயும் பதில் சொல்ல முடியாது. இங்க நானோவிஎன்ஏ, அதாவது உசந்த ஃப்ரீக்குவன்சியில அளக்குற கையடக்க நெட்வொர்க் அனலைசர், கை குடுக்கும். 156.8ல 10 நானோ ஹென்றி 9.9 ஓம், 22 நானோ 21.7 ஓம், 10 பிகோ 101 ஓம், எல்லாமே 50 ஓமுக்கு அக்கம்பக்கம், விஎன்ஏ நல்லா அளக்குற இடம் அது தான். ஃபிக்ஸ்சர நீங்களே செய்யலாம்: ஓரத்துல ஒரு எஸ்எம்ஏ கனெக்டர், அதுல இருந்து முடிஞ்ச வரைக்கும் குட்டையா ஒரு டிராக், முடிவுல 0603 பேட், கீழ முழுசா கிரவுண்டு. இதே போர்டு நாலு வெட்டணும், ஒண்ணு வெறுமனே ஓப்பன், ஒண்ணுல செம்புத் துண்டு ஷார்ட், ஒண்ணுல 49.9 ஓம் ஒரு சதவீத 0603 ரெசிஸ்டர் லோடு, நாலாவதுல அளக்க வேண்டிய பார்ட். கேலிபரேஷன கேபிள் முனையில எடுக்காம இந்த மூணு போர்டுலயும் எடுத்தா கனெக்டரும் டிராக்கும் மொத்தமாக் கழிஞ்சு போகும். நாலு போர்டும் ஒரே ஷீட்டுல இருந்து, ஒரே கனெக்டர் லாட்டுல இருந்து வரணும், ஒண்ணுல சால்டர் குமிஞ்சு இன்னொண்ணுல வழிஞ்சு இருந்தா அந்த வித்தியாசம் நேரா காயில் வேல்யூவுல வந்து உக்காரும்.

சப்ளை லைன்ல உசந்த ஃப்ரீக்குவன்சி இரைச்சலத் தடுக்குற ஃபெரைட் பீடையும் இதே போர்டுல பாத்துக்கலாம். அதோட டேட்டாஷீட் இம்பீடன்ஸ் 100 மெகா ஹெர்ட்ஸ்ல சொல்றது, எல்சிஆர் மீட்டர்ல ஏதோ உருப்படாத குட்டி காயில் மாதிரி தான் தெரியும், அத பாத்துட்டு நல்ல பீட கழட்டி ஜம்பர் அடிச்சு விட்ட செட்டுங்க இந்தக் கடற்கரையில நிறைய ஓடுது, டிரான்ஸ்மிட் பட்டன அமுக்குனா ஜிபிஎஸ் திரை ஆடும்.